எட்டுப் பேர் நின்ற படம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தணிகாசலம் என்பவர் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அவர் சொல்லாத எதையும் நானாகச் சேர்க்கவில்லை.

மாதம் இருமுறை வரும் ஒரு சின்னப் பத்திரிகை. அதில் படங்களைத் திருத்தும் வேலைக்குத் தணிகாசலம் புதிதாகச் சேர்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. அதற்கு முன் கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் இருந்தவர். மாப்பிள்ளையை வெளுக்க வைப்பதும் மாமியாரைச் சிரிக்க வைப்பதும்தான் அங்கே வேலை என்பார்.

பத்திரிகையில் அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. அவர் இவரை அண்ணே என்று கூப்பிட்டார். இவர் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். முதலில் கேலிக்குத்தான் ஆரம்பித்தாராம். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு நாள் காலையில் தணிகாசலம் கேட்டார்.

"எவ்வளவு ப்ளர் பண்ணினா போதும், டீச்சர்?"

திரையில் ஒரு படம் இருந்தது. சுவரை ஒட்டி எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆலையின் விடுதியில் ஒரு பெண் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதை நிருபரிடம் சொல்வதற்காக இந்த எட்டுப் பேரும் ஒரு வீட்டில் கூடியிருந்தார்கள்.

அவர்களில் ஏழு பேர் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டவர்கள். எங்கள் முகம் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எட்டாவது பெண் இன்னும் உள்ளே இருந்தாள். அவள் தங்கையும் அதே விடுதியில். முகம் தெரிந்துவிட்டால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய பயம். என் முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

அன்று மாலை இதழ் அச்சுக்குப் போக வேண்டும்.

தணிகாசலம் அவள் முகத்தை மறைத்திருந்தார். புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. கம்மல் தெரியவில்லை. சேலையின் பச்சையை நீலமாக மாற்றியிருந்தார். கையில் கிடந்த வளையலையும் எடுத்துவிட்டார். ப்ளர் அளவை இருபதில் வைத்தால் போதுமா, நாற்பது வரை போகலாமா என்பதுதான் அவருக்குச் சந்தேகம்.

ஜெசிந்தா அந்த அளவைப் பார்க்கவில்லை. விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஆலை மேனேஜரா உட்காருங்க அண்ணே."

தணிகாசலம் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

"இப்ப பாருங்க. என்ன தெரியுது?"

"ஏழு பேரைத் தெரியுது. எல்லாம் வேலைய விட்டுப் போனவங்க."

"அப்புறம்?"

"அப்புறம், இவ ஒருத்தி மட்டும் ஏன்..."

பாதியிலேயே எழுந்துவிட்டார்.

மதியத்துக்குள் எட்டு முகங்களையும் மறைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. கல்யாணக் கடையில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை என்று அவருக்கே ஒரு திருப்தி. டீச்சரைக் கூப்பிட்டார்.

ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்று பார்த்தார். தயிர்சாதத்தை ஒரு வாய் எடுத்துவைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்ப அந்த ஏழு பேருல ஒருத்தரா உட்காருங்க."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு பெண் தலை நிறையப் பூ வைத்திருந்தார். ஒருவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார். இன்னொருவர் அந்தச் சின்ன வீட்டில் எல்லோரையும் நெருக்கித் தள்ளி நடுவில் இடம் பிடித்திருக்கிறார் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. வேலையை விட்டு, ஊரில் ஆளாளுக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அதன் பிறகு கேமரா முன்னால் வந்து நின்றவர்கள். கழுத்துக்கு மேலே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

"எதுக்கு வந்து நின்னோம்னு இருக்கும்," என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இதுவரை கேட்டபோது, பதில் எங்கேயாவது கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தணிகாசலத்துக்கும் அன்று அப்படித்தான் இருந்ததாம். மூன்றாவது முறை யாரும் சொல்லாமல் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டீச்சர் திரும்பி வந்தபோது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப யாரு?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"உள்ள இருக்கிற அந்தப் பொண்ணு."

"எந்திரிங்க."

"டீச்சர்?"

"அதுல நீங்களும் உட்கார முடியாது, நானும் உட்கார முடியாது. போனைப் போடுங்க."

தணிகாசலம் நிருபரிடம் எண்களை வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவருக்கு அந்நியப் பெண்களிடம் போனில் பேசிப் பழக்கமில்லை. முதல் அழைப்பில் தன் பெயரையே தப்பாகச் சொன்னாராம். விஷயத்தை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. ஒரு முகத்தை மட்டும் மறைத்தால் அந்த முகத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது என்று இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறார்.

முதலில் எடுத்தவர் கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"அப்ப என் மூஞ்சியையும் கலைச்சு விடுங்க அண்ணே. அந்த மேனேஜரு ரெண்டு பேரைத் தேடட்டும்."

அடுத்தவர் மாட்டேன் என்றார். ஆலையில் இருந்தவரைக்கும் தலையைக் குனிந்தே இருந்தாயிற்று, இந்த ஒரு படத்திலாவது நிமிர்ந்து நிற்கிறேன், அதில் கை வைக்காதீர்கள் என்றார். தணிகாசலம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பெல்லாம் எதற்கு, படத்தை நன்றாகப் போடுங்கள் என்றார் அவர்.

ஒருவர், என் முகத்தை மறைத்துவிடுங்கள், ஆனால் சேலை புதுசு, அதன் நிறத்தை மட்டும் மாற்றக் கூடாது என்றார். ஒருவர் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். உடனே திரும்பக் கூப்பிட்டு, அவரிடம் என்ன கேட்பது, மறைத்துவிடுங்கள் என்றார். நடுவில் இடம் பிடித்து நின்றவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் சரி என்றார்.

உள்ளே இருக்கும் பெண்ணைத் தணிகாசலத்தால் கூப்பிட முடியாது. டீ இடைவேளையில் யாருடைய போனையோ வாங்கி அவளே நிருபரைக் கூப்பிட்டாள். நிருபர் போனை இவரிடம் கொடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினாள். என்னோடு யார் யார் மறைகிறார்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார்.

பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"நடுவுல நிக்கிற அக்காவை மட்டும் விட்டுருங்க சார். போட்டோ எடுக்கிறப்ப ரொம்ப ஆசையா நின்னாங்க."

தணிகாசலம் அந்த அக்காவை மறுபடியும் கூப்பிட்டு இதைச் சொன்னார்.

"அவளுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள," என்றார் அக்கா. "நீங்க கலைங்க."

யார் பேச்சைக் கேட்டார் என்று தணிகாசலம் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றபோது படம் தயாராகிவிட்டது. சில முகங்கள் தெளிவாக இருந்தன. சில முகங்கள் கலைந்திருந்தன. ஜெசிந்தா இந்த முறை தானே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்து, இடமிருந்து வலம் பார்த்தார். வலமிருந்து இடமும் பார்த்தார்.

"இதுல அந்தப் பொண்ணு எது?"

"ஞாபகம் இல்ல டீச்சர்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

கதை கேட்ட அடுத்த மாதம் மாவட்ட மைய நூலகத்தில் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். கட்டுரை இருக்கிறது. காய்ச்சலில் கிடந்த பெண்ணும் பூட்டிய கதவும் அதில் இருக்கின்றன. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் தணிகாசலம் என்று பெயர் இருக்கிறது.

படத்தில் நிற்பவர்கள் எட்டுப் பேர் இல்லை. அவர்கள் வேலை பார்த்த இடம் நூற்பாலையும் இல்லை. என்னிடம் சொன்ன கதையிலும் தணிகாசலம் அவளை மறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.