பேனா விழுந்த வழக்கு

விவாதப் போட்டியில் கோப்பை வென்ற நான், முதுகுவலியால் வகுப்புக்கு வராத நாட்களுக்காக நாற்பது நிமிடம் கத்தியும் துறைத்தலைவர் திருநாவு மசியவில்லை.

"எக்ஸ்ரேயில எலும்பு நல்லாத்தானே இருக்கு? வலியைக் காட்டும்மா, வருகைப்பதிவுல கையெழுத்துப் போடறேன்."

கையெழுத்து இல்லையென்றால் தேர்வு இல்லை. பிதுங்கிய டிஸ்க் எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஆவேசமாய்க் கையை வீசினேன். அவர் பேனா தரையில் விழுந்தது.

"எடும்மா."

"டாக்டர் குனியக்கூடாதுன்னுட்டார். உங்களால முடியாதா சார்?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி முதுகு!" என்று குனிந்தார். சட்டைக்குள் 'சர்ர்ர்' என்றது. முதுகுவலிக்குக் கட்டும் இடுப்பு பெல்ட் பிரியும் அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. நானும் அதைத்தான் கட்டியிருந்தேன்.

"வலி காதுலயே கேட்டுடுச்சு சார்."

"மெதுவாப் பேசு. உன் பேனாவைக் கொடு."

கையெழுத்து கிடைத்தது. ஜெயித்தது என் வாதமல்ல, அவர் பேனா. அதை எடுக்கத்தான் எங்கள் இருவராலும் முடியவில்லை.