மூன்றாம் பக்கத்து வரி

குருமார்கள் மரத்தடியில்தான் அமர்வார்கள் என்றொரு நம்பிக்கை நாட்டில் நெடுங்காலமாக உலவுகிறது. இது பெரும் பிழை. தாமதமின்றித் திருத்தப்பட வேண்டியது. கோவையில் ஒரு குரு ஏழாவது மாடியில், ஒழுகும் ஏசிக்குக் கீழே வாளி வைத்து, அதன் பக்கத்தில் அமர்ந்திருந்தார். பெயர் வள்ளிநாயகி. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தலைவர். வயது நாற்பத்தாறு. சீடர் தேவசகாயத்துக்கோ ஐம்பத்திரண்டு. மரபு இதை ஏற்காது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

தேவசகாயம் ஒன்பது பேருக்கு மேலாளராகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று அவருக்கு இரண்டு வேலை. ஆண்டு விழாவில் வாசிக்கத் தலைவரைப் பற்றி ஓர் அறிமுகம் எழுத வேண்டும். தன் குழுவிலிருந்த ஷகிலாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் தலைவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். போன வாரம் மென்பொருளில் ஷகிலா செய்த ஒரு மாற்றத்தால் ஒரு மருத்துவமனையின் முன்பதிவு நாலு மணி நேரம் முடங்கிப்போனது.

“முதல்ல அறிமுகத்தை முடிச்சிரலாங்க,” என்றார் வள்ளிநாயகி.

“முதல் வேலை எங்கீங்க மேடம்?”

“ஒரு நூற்பாலையில, கம்ப்யூட்டர் ரூம்ல. மூணாம் நாள் முந்நூறு பேரோட வருகைப் பதிவை அழிச்சேன்.”

தேவசகாயத்தின் விரல்கள் தட்டச்சை நிறுத்தின.

“இதை விட்டுரலாங்களா?”

“எழுதுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.”

“விருது ஏதாச்சும்…”

“அலமாரியில இருக்குது. பாத்து எழுதிக்குங்க. தூசியைத் தட்டிட்டுப் பாருங்க.”

“அப்ப மேலதிகாரி ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அருணாசலம் சார். செஞ்சதை ஒண்ணு விடாம எழுதிட்டு வரச் சொன்னார். நாலு பக்கம் ஆச்சு. படிச்சிட்டே வந்தவர், மூணாம் பக்கத்துல பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார்.”

“என்னன்னுங்க?”

“‘அழிக்கலாமா என்று வள்ளிநாயகி கேட்டார், சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தலையாட்டினேன்.’ பயந்துட்டு நான் அதை எழுதலீங்க. அவராத்தான் எழுதினார். அப்புறம் புதுசா வந்தவங்களுக்கு அந்த நாலு பக்கத்தை வெச்சு என்னையே பாடம் எடுக்கச் சொன்னார். இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. இன்னும் அந்த ஒரு வரிக்குத்தான் வேலை செஞ்சிட்டிருக்கேன். அறிமுகத்துல அவர் பேரை முதல்ல போடுங்க.”

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

வள்ளிநாயகி கை நீட்டினார். தேவசகாயம் கடிதத்தையும், ஷகிலா தட்டச்சு செய்து தந்திருந்த ஐந்து பக்க விளக்கத்தையும் கொடுத்தார். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, வள்ளிநாயகி விளக்கத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“தெளிவா எழுதியிருக்காங்க. யாரையும் கேக்காமயா செஞ்சாங்க?”

தேவசகாயத்துக்கு ஒரு கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. பாயசம் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மாற்றத்தைச் செய்யலாமா என்று ஷகிலா கேட்டார். இவர் முழுதாகக் கேட்காமலே, ‘பண்ணிரும்மா’ என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து பக்கத்தில் எங்கேயும் அந்த அழைப்பு இல்லை.

“கடிதத்தை என்னங்க மேடம் பண்றது?” என்றார் தேவசகாயம்.

வள்ளிநாயகி ஐந்து பக்கங்களையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“உங்ககிட்ட பேனா இருக்குங்களா?”

இல்லை. மென்பொருள் நிறுவனங்களில் பேனா அரிய பொருள். தேவசகாயம் ஏழு மாடி இறங்கிப் போய், வாசல் காவலாளியிடம் ஒன்று இரவல் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு ஷகிலா பாடம் எடுத்தார். ஆளுக்கு ஐந்து பக்கம் நகல் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் கையால் எழுதியிருந்தது.