மேல்சத்தம்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு பழைய வேனும் வேன் நிறைய கேபிளும் இருந்தன. பெயர் அற்புதராஜ். வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது தொழில். ஸ்பீக்கர், ஒலியைப் பெருக்கும் ஆம்ப், பாட்டும் படமும் போடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். காதால் கேட்டே ஒலியைச் சரிசெய்வார். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். கம்பியை யார் வேண்டுமானாலும் சொருகிவிட்டுப் போகலாம்.

சீடன் வெள்ளிங்கிரி. செல்போன் கடை வைத்து நொடித்துப்போய் இவரிடம் வந்து சேர்ந்தவன். வயதில் குருவைவிட ஓரிரண்டு மூத்தவன்தான். ஆனாலும் வாய்க்கு வாய் அண்ணா என்பான். கோயம்புத்தூரில் அதற்கெல்லாம் பிறந்த தேதி பார்ப்பதில்லை.

வடவள்ளியில் கனகவல்லி என்று ஒரு பல் டாக்டர். சின்ன வயதில் வீணை படித்தவர். இப்போது வாசிக்க நேரமில்லை, கேட்கவாவது செய்யலாம் என்று வீணைக் கச்சேரிகளை உயர்தரப் பதிவுகளாக வாங்கிக் குவித்திருந்தார். சாதாரணப் பாட்டைவிடப் பல மடங்கு நுணுக்கம் உள்ள பதிவுகள்; சாதாரணப் பாட்டின் அளவு 44 என்றால், இவற்றில் சில 192 வரை போகும். அவற்றைக் கேட்க மாடியில் ஒரு அறை கட்டி, அற்புதராஜை அழைத்தார்.

எல்லாவற்றையும் பொருத்திய அன்று, அற்புதராஜ் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பதிவைக் கேட்டார். கண்ணைத் திறந்தார்.

"இது முழுசா வர்ல வெள்ளிங்கிரி."

"ஆம்ப்ல பாருங்ணா. 192-ன்னு காட்டுது. முழுசாத்தான் வருது."

அற்புதராஜ் தன் போனில் வந்திருந்த ஒரு வாய்ஸ் மெசேஜை அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் போட்டார். அவர் மனைவி பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே, வரும்போது தக்காளி வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆம்ப்ல எவ்வளவு காட்டுது?"

வெள்ளிங்கிரி பார்த்தான். "192-ங்ணா."

"தக்காளிக்குமா?"

சீடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரு சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நடுவுல புடிச்சு, ஒரே அளவா மாத்தி அனுப்புது. நல்லதும் 192, குப்பையும் 192. அந்த எண்ணை நம்பிட்டு நாம வீட்டுக்குப் போயிரலாம். டாக்டர் காசைக் குடுத்துட்டு மாத்தின சத்தத்தைக் கேட்டுட்டு இருப்பாங்க."

"அப்ப எதைங்ணா நம்பறது?"

அற்புதராஜ் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு கம்ப்யூட்டரின் செட்டிங்கில் நுழைந்து, நடுவில் யாரும் கை வைக்காமல் பாட்டு நேராக ஆம்புக்குப் போகும்படி மாற்றினார். இப்போது பதிவுக்குப் பதிவு ஆம்பில் எண் மாறியது. பழைய பதிவுக்கு 44 காட்டியது, அடுத்ததற்கு 96, புதியதற்கு 192. எது உள்ளே போகிறதோ அதுவே வெளியே வந்தது. கனகவல்லி வந்து உட்கார்ந்து கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"எதுத்தாப்புல உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்குதுங்க."

வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். அற்புதராஜ் தலையை ஆட்டினார்.

"இல்லீங்க டாக்டர். மேல்சத்தம் இன்னும் மூடித்தான் கெடக்குது. மிஷின் இன்னும் எதையோ ஒளிக்குது. நாளைக்கு வர்றோம்."

மிஷின் எதையும் ஒளிக்கவில்லை என்று வெள்ளிங்கிரிக்குத் தெரியும். ஒளித்துக்கொண்டிருந்தது அவன்தான்.

மேல்சத்தம் என்று அவர்கள் சொல்வது ட்ரெபிளை. சலங்கைச் சத்தமும் வீணைத் தந்தியில் நகம் படும் கீறலும் அதில்தான் இருக்கின்றன. போன வருடம் சாய்பாபா காலனியில் ஒரு வீட்டு வேலையை முடித்தபோது, அற்புதராஜ் ட்ரெபிளை வழக்கத்துக்கு மேல் ஏற்றி வைத்ததை வெள்ளிங்கிரி கவனித்தான். காது கூசியது. ஏதோ களைப்பு என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் இன்னும் ஒரு படி மேலே. குருவின் காதில் மேல்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. இல்லாமல் போன சத்தத்தை யாரும் தேடுவதில்லையே.

வெள்ளிங்கிரி சொல்லவில்லை. வேன் கிளம்பித் தெருமுனை தாண்டியதும், "ஐயோ, ஸ்க்ரூடிரைவரை வெச்சுட்டு வந்துட்டேங்ணா" என்று இறங்கி ஓடுவான். வீட்டுக்காரரிடம் ஏதோ ஒரு சாக்கு சொல்லி ட்ரெபிளைக் குறைத்து வைத்துவிட்டு வருவான். வீட்டுக்காரர்கள் அற்புதராஜின் காதைப் புகழ்ந்தார்கள். அற்புதராஜ் வெள்ளிங்கிரியின் மறதியைக் கிண்டலடித்தார். "தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால தப்பிச்சே. இல்லீன்னா அதையும் எங்காவது வெச்சுட்டு வந்திருப்பே."

எல்லாம் பாசத்தில் செய்ததுதான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ரிமோட்டை எடுக்கும்போது, ஊரே மெச்சுகிற குருவைத் தான் திருத்துகிறோம் என்று நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. வெள்ளிங்கிரி அதை யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

டாக்டர் வீட்டில்தான் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. அற்புதராஜ் அங்கே ட்ரெபிளைத் தொடவே மறுத்தார்.

"கொஞ்சம் ஏத்திக்கலாங்களாண்ணா?" என்று வெள்ளிங்கிரியே கேட்டுப் பார்த்தான்.

"இந்த மாதிரிப் பதிவுக்கா? பால்ல தண்ணி ஊத்தச் சொல்றியா? ஏத்தாம எறக்காம எல்லாம் பூஜ்யத்துல இருக்கணும். பூஜ்யத்துல வெச்சே இது பாடணும். பாடலீன்னா எங்கயோ குத்தம் இருக்குது."

குற்றத்தைத் தேடினார். கம்ப்யூட்டரில் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டார். கேபிளை மாற்றினார், பிறகு மாற்றிய கேபிளையும் மாற்றினார். தெரிந்த கடையிலிருந்து வேறு ஆம்ப் கொண்டுவந்து வைத்துக் கேட்டார். சாப்பாட்டு நேரம் போனது தெரியாமல் தரையில் படுத்துக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளிங்கிரி பக்கத்தில் நின்று கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தான். இல்லாத ஒன்றைத் தேடும் ஆளுக்கு விளக்குப் பிடிப்பது அவனுக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

இப்படியே நாட்கள் போயின. கனகவல்லிக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிங்கிரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, எனக்கு மொதல் நாளே நல்லாத்தான் கேட்டுச்சு. இவரு ஏன் இப்படி அலைக்கழிக்கறாரு? நாளைக்கு வேற கடைக்காரங்களை வரச் சொல்லியிருக்கறேன். அவிங்க மைக் வெச்சு அளந்து பார்த்துச் சொல்லட்டும்."

வெள்ளிங்கிரி அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தான். மைக் வைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வரும். பிறகு குறை எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அற்புதராஜின் காது போய்விட்டது என்ற செய்தி சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூரில் எல்லாக் கடைக்கும் போய்விடும். காதை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மீதி என்ன இருக்கிறது?

அற்புதராஜ் இன்னொரு கேபிள் எடுக்க வேனுக்குப் போயிருந்தார். வெள்ளிங்கிரி அறைக்குள் ஓடினான். ஆம்பின் மெனுவில் ட்ரெபிளைப் பூஜ்யத்திலிருந்து ஆறுக்கு ஏற்றினான். பிறகு வந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொள்ளலாம் என்று கணக்கு.

குரு மேலே வந்ததும் சொன்னான்: "அண்ணா, புடிச்சுட்டேன். உள்ள ஒரு செட்டிங் ஒளிஞ்சு கெடந்துச்சு. எடுத்துட்டேன். இப்பக் கேளுங்க."

அற்புதராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வீணை தொடங்கியது.

அவர் முகம் மெல்ல இளகியது. வாய் லேசாகத் திறந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இதுதான்," என்றார். "இதேதான் வெள்ளிங்கிரி. நகம் படுறது கேக்குது பாரு. நான் பயந்துட்டேன். எனக்கே ஏதோ ஆயிடுச்சோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

வெள்ளிங்கிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத்தனை நாள் நான் தேடினதை நீ புடிச்சுட்டே. இனிமே நீதான்யா குரு."

அப்போது கனகவல்லி காபித் தட்டோடு உள்ளே வந்தார். வாசலிலேயே முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ, என்னங்க இது! கிளினிக்ல பல்லுல ஓட்டை போடற மிஷினாட்டம் இருக்குது. கொறைங்க, கொறைங்க!"

அற்புதராஜ் கண்ணைத் திறந்தார். டாக்டரின் சுளித்த முகத்தைப் பார்த்தார். ஆம்பைப் பார்த்தார். வெள்ளிங்கிரியின் முதுகைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறந்தார். ட்ரெபிள் ஆறு என்று இருந்தது.

அவர் ஒவ்வொரு படியாகக் குறைத்தார். ஐந்து, நான்கு என்று இறங்கிப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்குதுங்க டாக்டர்?"

"இப்பத்தான் வீணை."

"உனக்கு?"

வெள்ளிங்கிரி திரும்பவில்லை. "நல்லாருக்குதுங்ணா."

"எனக்குத் தந்தி கேக்கல," என்றார் அற்புதராஜ். "யாரோ பக்கத்து ரூம்ல வாசிக்கற மாதிரி இருக்குது."

பதிவு முடிந்ததும் அவர் எழுந்தார். தரையில் பரப்பியிருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். டாக்டரிடம் கும்பிடு போட்டார்.

"உங்க மிஷின் மொதல் நாளே சரியாத்தான் இருந்துச்சுங்க. குறை என்ற காதுலதான்," என்று தன் காதைத் தொட்டார். "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க."

கனகவல்லி பதறிப் போனார். தெரிந்த காது டாக்டர் ஒருவர் இருக்கிறார், இப்போதே போன் பண்ணுகிறேன் என்றார். "பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அற்புதராஜ் படியிறங்கினார். எந்தச் சேதி ஊருக்குத் தெரியக்கூடாது என்று வெள்ளிங்கிரி ஒரு வருடமாக ஓடி ஓடிக் காத்தானோ, அதை அவரே நின்ற நிலையில் சொல்லி முடித்துவிட்டார்.

வேனில் ஏறியும் சாவியைத் திருப்பவில்லை. இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்து?"

"சாய்பாபா காலனி வீட்டுல இருந்துங்ணா."

"ஸ்க்ரூடிரைவரு?"

வெள்ளிங்கிரி தலையாட்டினான்.

"எல்லா வீட்டுலயுமா?"

அதற்கும் தலையாட்டினான்.

"போன மாசம் பீளமேட்டுல அந்த வக்கீல் என்ற கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரே. அது?"

"அதுவுந்தாங்ணா."

அற்புதராஜ் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே."

"உங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதாங்ணா."

"ஆமா. பேரு பத்திரமா இருக்குது."

"சத்தியமா வேற எதுக்கும் இல்லீங்ணா," என்றான் வெள்ளிங்கிரி. சொல்லும்போதே அந்த இனிப்பு நினைவுக்கு வந்து நாக்கில் கசந்தது. குரு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரிந்துவிட்டதோ என்னவோ, அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

தெருவில் ஒரு பள்ளிக்கூட வேன் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, உள்ளே கிடந்ததைக் கேட்டே விட்டான்.

"அண்ணா, மொதல் நாளே நான் சொல்லியிருந்தா, நீங்க தாங்கியிருப்பீங்களா?"

"தாங்கியிருக்க மாட்டேன்," என்றார் அற்புதராஜ். "உன்னை ரெண்டு அறை அறைஞ்சிருப்பேன். நீ பொறாமையில பேசறேன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு அழுதிருப்பேன். அழுது முடிச்சு ஒரு வாரமோ பத்து நாளோ கழிச்சு, உன்ற வீட்டு வாசல்ல வந்து நின்னிருப்பேன். இனி நீ கேட்டுச் சொல்லு, நான் சரி பண்றேன்னு சொல்லியிருப்பேன்."

சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

"இப்ப நீ நல்லாருக்குதுங்ணான்னு சொன்னா, நான் எதை வெச்சுடா நம்பறது?"