சதுப்பிலிருந்து வந்த குரல்

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், காட்டையும் புல்வெளியையும் பிரித்தபடி ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு வடக்கே அடர்ந்த காடு; அது யானைகளின் இடம். தெற்கே பரந்த புல்வெளியில் காட்டெருமைகள் மேய்ந்தன. ஆறு வளைந்து தேங்கிய நாணற்சதுப்பில், சிவந்த முடியுடைய காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன.

மூன்று கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் சண்டைதான். கழுதைப்புலிகளுக்கு இது நல்ல வசதியாகப் போயிற்று. புல்வெளியில் ஒரு கன்றைக் கவ்விக்கொண்டு ஆற்றைத் தாண்டிவிட்டால் போதும், எருமைகள் துரத்தி வராது. காட்டில் வேட்டையாடிவிட்டுச் சதுப்புக்குள் புகுந்துவிட்டால் யானைகள் வராது.

எருமைத் தலைவன் மொகெங்கியின் முதல் கன்றும் அப்படித்தான் போனது. கழுதைப்புலிகள் அதை இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தன. மொகெங்கி இக்கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் யானைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவை அசையவில்லை.

துக்கம் கொஞ்சம் ஆறியதும் மொகெங்கி ஒரு காரியம் செய்தது. மூன்று கூட்டத்துக்கும் பொதுவாக, எல்லோரும் மண்ணை நக்க வரும் உப்புத் திடல் ஒன்று இருந்தது. அங்கே யானைத் தலைவி எங்கோலாவையும் பன்றிகளின் தலைவி இபெலியையும் வரச் சொன்னது.

"யார் கூப்பிட்டாலும் மற்ற இருவரும் வர வேண்டும்" என்றது மொகெங்கி. "துரத்திப் போகிறவர்களுக்கு எல்லை கிடையாது. ஆறு வந்தாலும் நிற்க வேண்டாம்."

எங்கோலா காதுகளை மெல்ல ஆட்டியது. "உன் கூட்டம் காட்டுக்குள் ஓடி வந்தால் இளஞ்செடியெல்லாம் மிதிபட்டுப் போகும். அப்புறம் என் குட்டிகள் எதைத் தின்னும்?"

"செடி மறுபடி முளைத்துவிடும் அம்மா" என்றது இபெலி.

எங்கோலா தும்பிக்கையால் உப்பு மண்ணைக் கிளறியது. பிறகு, "சரி" என்றது.

அடுத்த முறை கழுதைப்புலிகள் காட்டுக்குள் நுழைந்தபோது யானைகள் பிளிறின. எருமைகள் ஆற்றில் இறங்கிக் கரையேறின. பன்றிகள் நாணல் வழியை அடைத்து நின்றன. கழுதைப்புலிகளின் தலைவன் கிசாபு எந்தப் பக்கம் திரும்பினாலும் கொம்பும் தந்தமும் கோரைப்பல்லும் எதிரே வந்தன. தன் கூட்டத்தோடு கற்குன்றுகளுக்கு ஓடியதுதான், மழைக்காலம் முழுவதும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

கன்றுகள் தாயை விட்டு விலகிக்கூட விளையாடத் தொடங்கின. பன்றிக்குட்டிகள் புல்வெளிக்கு வந்து கிழங்கு தோண்டின. மொகெங்கிக்கு இரண்டாவது கன்று பிறந்தது. அதற்கு லேமி என்று பெயர். பிறவியிலேயே பின்னங்கால் கொஞ்சம் வளைந்திருந்ததால் அதனால் வேகமாக ஓட முடியாது.

பிறகு கோடை வந்தது. ஒரு நண்பகலில், வற்றிக்கொண்டிருந்த குட்டையருகே மொகெங்கி தனியாக நின்றிருந்தது. எதிர்க்கரையில் கிசாபு வந்து உட்கார்ந்தது.

"சண்டைக்கு வரவில்லை தலைவரே" என்றது கிசாபு. "உங்கள் கன்றைப் பார்த்தேன். பாவம், ஓட முடியவில்லை போலிருக்கிறது."

மொகெங்கி கொம்பைத் தாழ்த்தியது.

"கோபப்படாதீர்கள். உங்கள் மந்தையை நாங்கள் தொட மாட்டோம். நீங்கள் எங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். எங்கேயாவது குரல் கேட்டால், மேய்ந்துகொண்டே இருங்கள். அவ்வளவுதான்."

மொகெங்கி சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கிசாபு அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போயிற்று. நடந்ததை மொகெங்கி யாரிடமும் சொல்லவில்லை.

சில நாட்களில், வெயில் சாயும் நேரத்தில், சதுப்பிலிருந்து இபெலியின் குரல் கேட்டது. மந்தை முழுவதும் தலைநிமிர்ந்தது.

"இபெலி கூப்பிடுகிறாள். கிளம்பலாமா?" என்று கேட்டது மூத்த பெண் எருமையான வாசி.

மொகெங்கியின் கண் லேமியிடம் போனது. "காற்று மாறி வீசுகிறது. எங்கிருந்து வருகிறதென்று சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் பொறு."

குரல் மறுபடி வந்தது. இந்த முறை அது எங்கிருந்து வருகிறதென்று எல்லோருக்கும் தெரிந்தது. மொகெங்கி குனிந்து புல்லைக் கடித்தது. வாய்க்குள் போன புல் வாயிலேயே இருந்தது.

அக்கரையில் எங்கோலாவின் கூட்டம் ஓடிவந்து நின்றது. எருமைகள் அமைதியாக மேய்வதைப் பார்த்தது. ஆபத்து ஒன்றும் இல்லை போலும், பன்றிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று நினைத்துத் திரும்பிப் போயிற்று. அதற்குள் சதுப்பில் குரலும் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் மொகெங்கி சதுப்புக்குப் போயிற்று. நாணல் எல்லாம் சாய்ந்து கிடந்தது. இபெலியின் குட்டிகளில் ஒன்றுதான் மிச்சம்.

"குரல் கேட்டதா அண்ணா?" என்றது இபெலி.

"காற்று... காற்று எதிர்ப்பக்கமாக வீசியது."

"காற்றா" என்றது இபெலி. வேறொன்றும் கேட்கவில்லை. அது திட்டியிருந்தால்கூட மொகெங்கி தாங்கிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டது.

மழை வருவதற்கு முன்பே கிசாபு தன் கூட்டத்தோடு புல்வெளிக்கு வந்தது. நேராக லேமியை நோக்கி வந்தது.

"என் மந்தையைத் தொட மாட்டேன் என்றாயே" என்றது மொகெங்கி.

"அப்போது சதுப்பில் பன்றிகள் நிறைய இருந்தன" என்றது கிசாபு.

மொகெங்கி தொண்டை கிழியக் கதறியது. கதறும்போதே, இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தது. கழுதைப்புலிகள் மந்தையைச் சிதறடித்தன. லேமி தனியாக மாட்டிக்கொண்டது.

நாணலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது இபெலி. பின்னால் மிச்சமிருந்த பன்றிகள் சில. இபெலி நேராக லேமியின் முன்னால் போய் நின்றுகொண்டது. பாய்ந்த கழுதைப்புலிகளைக் கோரைப்பல்லால் கிழித்தது. கடி விழுந்தது, நகரவில்லை. மறுபடி கடி விழுந்தது, அப்போதும் நகரவில்லை. மொகெங்கி முட்டி வழியுண்டாக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இபெலியின் கால்கள் மடிந்துவிட்டன.

யானைகளும் வந்தன, தாமதமாக. இந்தக் குரலை நம்பலாமா என்று எங்கோலா கரையில் கொஞ்சநேரம் தயங்கியிருந்தது. யானைகளைக் கண்டதும் கழுதைப்புலிகள் ஓடின.

லேமிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மொகெங்கி இபெலியின் அருகே மண்டியிட்டது. "நான் வரவில்லையே இபெலி. நீ ஏன் வந்தாய்?"

"கூப்பிட்டீர்களே அண்ணா" என்றது இபெலி.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் காற்று..."

இபெலியின் கண்கள் திறந்தபடியே இருந்தன. அது கேட்டதா, அதற்கு முன்பே உயிர் போய்விட்டதா என்று மொகெங்கிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த நாள் உப்புத் திடலில், எல்லோர் முன்னிலையிலும் மொகெங்கி நடந்ததைச் சொன்னது. குட்டையையும் கிசாபுவையும் தன் மௌனத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னது.

பிறகு எங்கோலா சொன்னது: "அவன் என்னிடமும் வந்தான். அதே பேச்சுதான். நான் விரட்டிவிட்டேன். ஆனால் உங்களிடம் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ தனியாக அவன் முன்னால் நின்றிருக்க மாட்டாய்."

அன்று முதல், தங்களில் யாரிடம் யார் என்ன பேசினாலும் அதை எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. யானைகளும் எருமைகளும் அதைத் தவறாமல் கடைப்பிடித்தன. கிசாபுவால் மறுபடி அந்தப் பக்கம் வர முடியவில்லை.

ஆனால் பன்றிகள் அங்கே தங்கவில்லை. மொகெங்கி எவ்வளவோ கேட்டுக்கொண்டது. "உங்கள் மேல் கோபம் இல்லை" என்றது அவற்றில் ஒன்று. "இங்கே படுத்தால் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்." இபெலியின் ஒற்றைக் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு, அவை ஆற்றோரமாகவே நடந்து கண்ணுக்கு மறைந்தன.

சதுப்பில் நாணல் மறுபடி உயர்ந்து வளர்ந்தது. மாலை வேளைகளில் மந்தை மேயும்போது மொகெங்கி மட்டும் அந்தப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஓடிப் போவதற்கு அது எப்போதும் தயாராக இருந்தது; கூப்பிடத்தான் அங்கே யாரும் இல்லை.

நீதி: அண்டை அயலாரின் ஆபத்தில் வாய்மூடி நின்று தனக்கு மட்டும் அமைதி தேடிக்கொள்பவனுக்கு அந்த அமைதியும் நிலைக்காது, இழந்த துணையும் திரும்பாது.