பச்சையம்மா ஏற்றிய எடை

குடியாத்தத்தில் எஸ்தர் மாஸ்டரின் பயிற்சிக்கூடம் மத்தியானத்தில் சாத்தியிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு உச்சி வெயிலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பரசுராமன் நிற்கிறான்.

எஸ்தருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுக்கு அவளைவிடப் பத்து வயது கூட. ஆனாலும் எடை தூக்குவதில் அவள்தான் அவனுக்குக் குரு. அந்தக் கூடத்தில் சொல்லித்தருவது ஆணோ பெண்ணோ, கூப்பிடுவது மாஸ்டர் என்றுதான். அவள் அவனை அண்ணா என்பாள். திட்டும்போதும் அண்ணாதான்.

"இன்னாண்ணா, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

அவன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒரு கேள்வி மாஸ்டர்."

"கேளுங்க."

"நம்மள மாதிரி வருஷக்கணக்கா புரோட்டீன் ஏத்திக்கினே இருந்தா கிட்னி கெட்டுடுமா?"

எஸ்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்கிற ஆள் அப்படி. ஒல்லியாக எவன் வந்து சேர்ந்தாலும் அவனைப் பிடித்து உட்காரவைத்து, கோழிக்கறி எவ்வளவு, பவுடர் எத்தனை கரண்டி என்று ஓதாமல் பரசுராமன் விடமாட்டான். அவன் வீட்டில் முட்டையின் வெள்ளை அவனுக்கு, மஞ்சள் நாய்க்கு. பாவம், அந்த நாய் குரைக்கவும் சோம்பல்படுகிற அளவுக்குக் கொழுத்துவிட்டது. யாராவது கிட்னி என்று வாயெடுத்தால் போதும், "எடை தூக்காதவன் கட்டிவிட்ட கதை அது" என்று சிரித்தே வாயடைத்துவிடுவான்.

"நீங்கதானண்ணா எல்லாருக்கும் சொல்வீங்க, ஒண்ணும் ஆவாதுன்னு."

"நான் சொல்றது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"யாருக்காக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவனுக்கு உள்ளங்கை இப்படி வியர்க்குமா? அவன் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்ததையும் பார்த்துவிட்டான். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

அவன் அக்கா பூங்காவனத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு கிடக்கிறாள். ஒரு சிறுநீரகம் யாராவது கொடுத்தால் பிழைப்பாள். கதவகலத் தோளோடு ஒரு தம்பி இருக்கும்போது வேறு யாரைப் போய்க் கேட்பார்கள்? நாளைக் காலையில் அவனுக்குப் பரிசோதனை. அம்மா இல்லாத வீட்டில் தன் பங்கு முட்டையையும் அவன் தட்டில் தள்ளிவிட்டு வளர்த்தவள் அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"குடுக்கறதுல தயக்கமா?"

"ஐயோ! இப்பவே அறுத்து எடுத்துக்கட்டும்."

"அப்புறம்?"

"கெடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர். நிம்மதியாப் போவேன்."

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள்.

"எத்தினியோ பேர் வருஷக்கணக்காத் துன்னும் நல்லாத்தான் இருக்காங்க. உள்ள ஏற்கெனவே பழுது இருந்தா, அதுமேல சுமை ஏறும்னு டாக்டருங்க சொல்றாங்க. இதுல நீங்க எந்த ஆளு?"

"அதத்தான உங்களக் கேக்கறேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைக் கேட்கவா இந்த வெயிலில் வந்தோம் என்று எழுந்தேவிட்டான்.

"இருங்க," என்றாள் எஸ்தர். பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பச்சையம்மா!"

கூடத்தைப் பெருக்குகிற பச்சையம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"அந்த ஸ்டாண்டுல இருக்கற ராடுல உனக்குத் தோணுன எடை பிளேட்ட மாட்டு. ரெண்டு பக்கமும் மாட்டு. அப்புறம் கொடியில கெடக்கற பழைய லுங்கி ரெண்டையும் மேல போத்திடு. எவ்ளோன்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லாத."

பச்சையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பாள். தலையை ஆட்டினாள்.

குருவும் சீடனும் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். எஸ்தர் கதவைச் சாத்தினாள்.

உள்ளே இரும்பு மோதும் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே எடை சொல்லிவிடுவான் என்று பரசுராமனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரு பிளேட் விழுந்தது. எதையோ தரையில் இழுத்தாள். மறுபடி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அதே பக்கத்தில் இன்னொன்று விழுந்த மாதிரி இருந்தது. எவ்வளவு என்று அவனால் கணக்குப் போட முடியவில்லை.

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"மாட்டிட்டேம்மா. எல்லாம் இரும்புதான. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

உள்ளே ஸ்டாண்டின் மேல் ராடு கிடந்தது. இரண்டு முனையிலும் கட்டம் போட்ட லுங்கி தரைவரைக்கும் தொங்கியது. உள்ளே இருப்பது பெரிய பிளேட்டா, சின்னதா, ஒன்றா, நாலா, எதுவும் தெரியவில்லை.

"தோள்ல வாங்கிக்கினு ஸ்டாண்ட விட்டு வெளிய வாங்க. முழுசா உக்காந்து எழுந்திருங்க," என்றாள் எஸ்தர். "மொதல்ல அசைச்சிப் பாக்கற வேலயெல்லாம் கூடாது. நான் பின்னால நிக்கறேன்."

பரசுராமன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ராடுக்கு அடியில் போனான். பிடரியில் இரும்பு பட்டது. அவன் தூக்காமல் அப்படியே நின்றான். ராடுக்கு அடியில் போவதற்கு முன் இரண்டு பக்கமும் போய், பிளேட்டைத் தொட்டு எண்ணிப் பார்க்காமல் அவன் ஒருநாளும் தூக்கியது கிடையாது. அந்தக் கூடத்தில் யாருமே தூக்குவதில்லை. அவனுக்கு இந்த மாஸ்டர் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான்.

"தூக்குங்கண்ணா."

"எவ்ளோ இருக்கும் மாஸ்டர்?"

"தெரியாது."

"ஒரு பக்கம் கூட இருந்தா?"

"இருக்கலாம்."

"இடுப்பு போயிடும் மாஸ்டர்."

"லேசாவும் இருக்கலாம். தூக்குங்க."

அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான். மறுபடி இழுத்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"இந்த ஊர்ல உங்க தோள் யாருக்கண்ணா இருக்கு? எதுக்குப் பயம்?"

"தோள் இருந்தாப் போதுமா? கனமா இருந்தாக்கூடப் பரவால்ல மாஸ்டர். தெரிஞ்சா ஒரு பிளேட்டக் கழட்டிக்கலாம். ரெண்டு ஆள நிக்க வச்சிக்கலாம். முடியலன்னா வேணாம்னு வந்துடலாம். ஒண்ணுமே தெரியாம எழுந்துட்டு..."

"நான்தான் பின்னால நிக்கறனே. சாஞ்சாப் பிடிச்சிக்கறேன்."

"உங்களுக்கும்தான் தெரியாதே!" அவன் கத்தியேவிட்டான். "என்ன வெயிட்டுன்னே தெரியாம எப்படிப் பிடிப்பீங்க? சாஞ்சா நான் மட்டுமா போவேன்? பின்னால நம்பி நிக்கறவங்களையும் சேத்து..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.



பரசுராமன் ராடுக்கு அடியிலிருந்து மெல்லக் குனிந்து வெளியே வந்தான். பெல்ட்டைக் கழற்றினான். ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூத்திரத்துல நுரை வருது மாஸ்டர். அக்காவுக்கும் மொதல்ல இப்படித்தான் வந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"யார் கிட்டயாவது சொன்னீங்களா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். சொல்வது இருக்கட்டும், அவனே இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. குனிந்து பார்ப்பதற்குள் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துவிடுவான்.

"ஆஸ்பத்திரில கேட்டிருப்பாங்களே. பவுடர் கிவுடர்னு?"

"கேட்டாங்க. தொட்டதே இல்லன்னு சொல்லிட்டேன்." குரல் உள்ளே போனது. "ஒரு வாரம் பவுடர், கறி, எடை எல்லாத்தையும் நிறுத்திட்டா டெஸ்டு சுத்தமா வரும்னு ஒருத்தன் சொன்னான். அதான் இங்க வரல."

"ஏண்ணா?"

"உனுது வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா? அக்காவுக்கு வேற ஆளே இல்ல மாஸ்டர். ஊருக்கெல்லாம் உடம்பைக் காட்டிக்கினு திரிஞ்சிட்டு, எனக்கே உள்ள சரியில்லன்னு அவ எதிர்ல எப்படிப் போய் நிப்பேன்?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்க எஸ்தருக்கே தாங்கவில்லை. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

குடித்து முடித்து அவன் தலையை நிமிர்த்தினான்.

"நாளைக்கு டாக்டர் கிட்ட எல்லாத்தையும் சொல்லி, ரிப்போர்ட்டு மோசமா வந்துட்டா மாஸ்டர்?"

எஸ்தர் ராடு பக்கம் போனாள். இடது முனையில் தொங்கிய லுங்கியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் துணிய எடுத்துப் பாத்தா, உள்ள இருக்கற எடை கூடிடுமாண்ணா?"