எள் ஆகாத ஓடக்காரன்

வந்தவர்கள் உட்காருங்கள், நின்றவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். எந்த ராஜா ஆண்டார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், ஆலங்கரை என்ற ஆற்றங்கரை ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் ஒரு செக்கு வீடு இருந்தது. அங்கே அண்ணன் தம்பி இருவர் கூடி வாழ்ந்தார்கள். அண்ணன் பெயர் பூதன், தம்பி பெயர் கீரன். பூதனின் மனைவி அல்லி, கீரனின் மனைவி வெண்ணி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து பிள்ளைகள்.

அந்த வீட்டில் எள்தான் எல்லாம். விடிந்தால் எள் காயும், உச்சியில் எள் ஆடும், பொழுது சாய்ந்தால் எண்ணெய் வடியும். சமையலுக்கு நல்லெண்ணெய், தலைக்கு நல்லெண்ணெய், விளக்குக்கு நல்லெண்ணெய். மாடுகள் தின்பதுகூட எள்ளுப் பிண்ணாக்குதான். அந்த வீட்டுக் கதவைத் தொட்டால் கை வழுக்கும்.

ஒரு வருஷம் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. செக்கு வீட்டைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. ஆதன் என்ற ஓடக்காரன் தனியாக ஓடம் தள்ளி வந்தான். முதல் நடையில் பிள்ளைகளைக் கரையேற்றினான். இரண்டாம் நடையில் பெண்களை ஏற்றினான். மூன்றாம் நடையில் அண்ணன் தம்பிகளை ஏற்றிவிட்டு, கூலி கேட்காமல் போய்விட்டான்.

அந்த வருஷப் பொங்கலுக்குக் கீரன் அவனை விருந்துக்கு அழைத்தான். ஓடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று சொல்லி ஆதன் வரவில்லை. மறுவருஷம் அழைத்தான். காய்ச்சல் என்றான். மூன்றாம் வருஷம் அழைத்தபோது, சரி என்று தலையாட்டிவிட்டு, பொங்கலன்று அக்கரைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான்.

பூதனுக்குக் கோபம் வந்தது. "நம் வீட்டுச் சோறு அவனுக்கு மட்டமாகப் போய்விட்டதோ?" என்றான்.

வெண்ணிக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. நான்காம் வருஷம், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் தானே துறைக்குப் போனாள். ஆதன் ஓடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பானையிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தவர் நீங்கள். எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட ஏன் மனமில்லை? உள்ளதைச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்றாள்.

ஆதன் கஞ்சிப் பானையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"எனக்கு எள் ஆகாது அம்மா. சின்ன வயதில் ஓர் எள்ளுருண்டை தின்றேன். தொண்டை அடைத்து, மூச்சு நின்று, செத்துப் பிழைத்தேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் நல்லெண்ணெய் ஊற்றிய சோற்றில் ஒரு வாய் தின்றேன். மறுபடியும் அதே கதி. மூன்றாவது முறை, எண்ணெய்க் கரண்டியால் கிண்டிய வெறும் கஞ்சி. அன்றைக்கு எனக்குப் பாடையே கட்டிவிட்டார்கள். சொன்னால் சிரிக்கிறார்கள். எள்ளுக்குப் பயந்த ஆம்பிளை என்கிறார்கள். அதனால் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. பதினெட்டு வருஷமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அதிலும் உங்கள் வீடு செக்கு வீடு. நான் எப்படி வருவேன்?"

வெண்ணி சிரிக்கவில்லை. "இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் உங்களுக்கு இலை. உங்கள் வாயில் ஓர் எள்ளும் படாது. அதற்கு நான் பொறுப்பு" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பூதன் கோபத்தில் துள்ளிக் குதித்தான்.

"எள்ளால் வாழ்கிற வீட்டில் எள்ளை ஒதுக்கிவிட்டுப் பொங்கலா? புது எள்ளின் முதல் எண்ணெயில் ஒரு கரண்டி பொங்கல் பானையில் விட்ட பிறகுதானே இந்த வீட்டில் இலை போடுவோம்? என் அப்பன் விட்டான், அவன் அப்பன் விட்டான். இப்போது ஓர் ஓடக்காரனுக்காக நிறுத்துவதா? எள் தின்று யாராவது செத்திருக்கிறார்களா? எல்லாம் மனதில் இருக்கும் பயம்!"

"மூத்தவரே, பயமோ நோயோ, அனுபவிப்பவர் அவர். ஆகாது என்கிறார். எனக்கு அது போதும்" என்றாள் வெண்ணி.

கீரன் அண்ணன் முகத்தைப் பார்த்தான், மனைவி முகத்தைப் பார்த்தான். எதுவும் பேசாமல் செக்கடிக்குப் போய்விட்டான்.

வெண்ணி வேலையைத் தொடங்கினாள். வீட்டுப் பானைகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்தவை. அதனால் குயவர் வீட்டுக்குப் போய் இரண்டு புதுப் பானையும் ஒரு புது அகப்பையும் வாங்கினாள். வீட்டு மாடுகள் பிண்ணாக்குத் தின்றவை. அதனால் மேட்டுக்காட்டில் புல் மேயும் பசுக்களின் பாலைத் தினமும் நடந்துபோய் வாங்கி, தயிராக்கி, தானே கடைந்து நெய் எடுத்தாள். வீட்டு அடுப்பைச் சுற்றி எப்போதும் எள்ளுத் தூசி. அதனால் செக்குக்கு எட்டாத தூரத்தில், ஆற்றோரப் புன்னை மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினாள்.

பண்டிகைக்கு எல்லோரும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினார்கள். வெண்ணி மட்டும் வெறும் சீயக்காய் போட்டுக் குளித்தாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் முதல் பானையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீரின் மேல் மினுமினுவென்று ஒரு படலம் மிதந்தது. அவளுக்குத் திக்கென்றது.

"அக்கா! இந்தப் பானையை யார் தொட்டது?"

"நான்தான்" என்றாள் அல்லி. "புதுப் பானையாயிற்றே, விரிசல் விடாமல் இருக்கட்டும் என்று உள்ளே கொஞ்சம் எண்ணெய் தடவிப் பழக்கினேன். உனக்கு ஒரு வேலை குறையுமே என்று பார்த்தேன்." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்ணி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பானையை எடுத்து ஒதுக்கிவைத்தாள். இரண்டாவது பானையைத் துணியில் சுற்றித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

பொங்கல் விடிந்தது. புன்னை மரத்தடியில் அடுப்பு எரிந்தது. பானை பொங்கியது, பிள்ளைகள் கூவினார்கள். வெண்ணி வெல்லம் போட்டாள், நெய் விட்டாள், பானையை இறக்கி மூடினாள். பிறகு ஆதனை அழைத்துவரத் துறைக்குப் போனாள்.

மற்றவர்கள் சற்றுத் தள்ளி இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பூதன் பானையருகே வந்தான். அவன் கையில் புது எண்ணெய் ஒரு கரண்டி இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை, கேளுங்கள். அவன் நினைத்தது இதுதான்: 'தெரிந்து தின்றால்தான் இவனுக்குத் தொண்டை அடைக்கும். தெரியாமல் தின்றால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டு முடிந்ததும் சொல்லிச் சிரிக்கலாம். வழக்கமும் நிற்கும், இவன் பயமும் தீரும்.' கரண்டியைப் பானையில் கவிழ்த்தான். கிளறினான், மூடினான், ஒன்றும் தெரியாதவன்போல் தன் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

ஆதன் வந்தான். வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். கீரன் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

வெண்ணி முதல் அகப்பையை ஆதன் இலையில் வைத்தாள்.

"அண்ணே, பானை புதிது. நெய் நான் கடைந்தது. சமைத்தது இந்தக் கை. பயப்படாமல் சாப்பிடுங்கள்."

பூதன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓடக்காரன் முகர்ந்து பார்ப்பான், கிளறிப் பார்ப்பான், இரண்டு முறை கேட்பான் என்று எதிர்பார்த்தான். ஆதன் முகரவில்லை, கிளறவில்லை, கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் யார் சோற்றையும் தொடாதவன், வெண்ணி சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகக் கை நிறைய அள்ளினான். சிறு பிள்ளைபோல் அவன் முகம் மலர்ந்திருந்தது. கை வாயை நோக்கி உயர்ந்தது.

அப்போதுதான் பூதன் நினைத்தான்: 'இவன் சொன்னது நிஜமாக இருந்தால்?'

"வைக்காதே!" என்று கத்தினான். "வாயில் வைக்காதே! கையை உதறு!"

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பூதன் எழுந்து நின்றான். ஊரில் யாருக்கும் தலை குனியாதவன் தலை குனிந்தான்.

"நான் எண்ணெய் விட்டேன். ஒரு கரண்டி. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்."

வெண்ணி ஓடிப்போய்ச் செம்புத் தண்ணீரை எடுத்து ஆதன் கையில் ஊற்றினாள். ஊற்றும்போதே அவன் விரல்கள் சிவந்து தடித்தன. பூதன் அந்த விரல்களைப் பார்த்தான்.

ஆதன் எழுந்தான். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் வருகிறேன் அம்மா. என்னால் உங்கள் பண்டிகை கெட வேண்டாம். எனக்கு இது பழக்கம்."

வெண்ணி அவன் வழியில் போய் நின்றாள்.

"ஒரு பானை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அண்ணே, உங்கள் ஓடத்தில் ஒரு பானை இருக்கிறதல்லவா? அதில் எள் பட்டதுண்டா?"

"இல்லை. ஆனால் அது ஓர் ஆளுக்குப் பொங்கும் பானை."

"அதைக் கொடுங்கள்."

அல்லி பதறினாள். "விருந்தாளியின் பானையை வாங்கியா விருந்து வைப்பது? ஊர் சிரிக்குமே வெண்ணி!"

"சிரிக்கட்டும் அக்கா. சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். இவர் மட்டும் பசியோடு போகக் கூடாது."

அப்போது கீரன் எழுந்தான். பத்து நாளாக வாய் திறக்காதவன் சொன்னான்: "அண்ணா, அந்தப் பானை பொங்கும்வரை இந்த வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம். அதிலேயே பொங்குவோம். எல்லோரும் அதிலிருந்தே சாப்பிடுவோம்." சொல்லிவிட்டுத் தன் வாழையிலையை மடித்துவைத்தான்.

ஓடத்திலிருந்து பானையும் அவனுடைய அகப்பையும் வந்தன. கரி பிடித்த, வாய் நெளிந்த சின்னப் பானை. வெண்ணி கையைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினாள், ஆதனையும் அப்படியே கழுவச் சொன்னாள். மீதியிருந்த அரிசியைக் களைந்தாள்.

பூதன் தயங்கித் தயங்கி வந்தான். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

"பானைப் பக்கம் வராதீர்கள் மூத்தவரே. விறகு பிளந்து போடுங்கள்."

விறகு பிளக்க ஆள் வைத்திருந்தவன் கோடரியை எடுத்தான். தானே பிளந்தான்.

ஓர் ஆள் பானையில் பத்துப் பேருக்குப் பொங்க வேண்டும். பொங்கி இறக்கினாள், மறுபடி வைத்தாள். மறுபடி இறக்கினாள், மறுபடி வைத்தாள். வெயில் உச்சிக்கு வந்தது, உச்சியிலிருந்து சாய்ந்தது. கண்ணில் புகை, கையில் கொப்புளம். "மீதியை நாளைக்குப் பார்க்கலாமே" என்றாள் அல்லி. "இன்றைக்குத்தான் பொங்கல்" என்றாள் வெண்ணி. ஏழு முறை அந்தப் பானை பொங்கியது. ஏழு முறையும் பிள்ளைகள் சலிக்காமல் கூவினார்கள்.

கடைசியில் பத்துப் புது இலைகளிலும் பொங்கல் விழுந்தது. ஆளுக்குக் கொஞ்சம்தான்.

ஆதன் ஒரு வாய் எடுத்து விழுங்கினான். உடனே அவன் தொண்டை அசைவற்று நின்றது. கண்களில் நீர் கோத்தது. கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டான்.

வெண்ணியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. பூதன் அலறினான்: "ஐயோ! நான் விட்டது இதிலும் பட்டுவிட்டதா?"

ஆதன் கையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"எள் இல்லை, தங்கச்சி. இது வேறு. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று... அதுதான் அடைத்துக்கொண்டது."

சொல்லிவிட்டு இரண்டாவது வாய் எடுத்தான், மூன்றாவது வாய் எடுத்தான். இலையை வழித்துச் சாப்பிட்டான். அவன் முடித்த பிறகுதான் பூதன் தன் இலையில் கை வைத்தான்.

கேட்டவர்களே, பெரியவர்களும் பிள்ளைகளும் இதை மனதில் வையுங்கள்: விருந்துக்கு வருகிறவர் தமக்கு இது ஆகாது என்று சொன்னால், அதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பி, அவருக்கு ஆகும்படி சமைத்துப் போடுவதே விருந்து.