தொப்பி கேட்ட பதில்

ஒரு பல்கலைக்கழகத்தில், மூளையையும் இயந்திரத்தையும் ஒன்றோடொன்று பேசவைக்கப் பாடுபடும் ஆய்வு மையம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு தொப்பி இருந்தது. வெயிலுக்குப் போடுகிற தொப்பி இல்லை. உள்பக்கமெல்லாம் பொட்டுப் பொட்டாக உலோகம் வைத்துத் தைத்தது. யார் தலையில் ஏறினாலும் அங்கே எழும் மின் அலைகளைக் காதுகொடுத்துக் கேட்கும். கேட்டதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த வடிகட்டியிடம் ஒப்படைக்கும்.

வடிகட்டி சுத்தம் என்றால் சுத்தம் பார்க்கும். கண் சிமிட்டியது, பல்லைக் கடித்தது, கழுத்தை ஆட்டியது என்று உடம்பு கிளப்பும் அலையெல்லாம் அதற்கு அழுக்கு. அவற்றைக் கழுவித் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் திரைக்கு அனுப்பும். திரையில் வருவதே மூளையின் பேச்சு என்று அந்த மையத்தில் எல்லோரும் நம்பினார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

மாதம் ஒருமுறை ஊர்க்காரர்களுக்காகக் கதவைத் திறந்து வைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் தொப்பியை மாட்டிக்கொண்டு நினைப்பாலேயே பொம்மைக் காரை நகர்த்துவார்கள். கார் ஓரடி நகர்ந்தால் ஒரே கைதட்டல். தொப்பிக்குத் தலைகால் புரியாது.

அப்படி ஒரு நாளில், பிள்ளைகள் கிளம்பிய பிறகு, அந்தோணிராஜ் தன் மனைவி லூர்து மேரியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கவாதத்தில் விழுந்தவள். கை, கால், பேச்சு எதுவும் இல்லை. கண் மட்டும் மூடித் திறக்கும். அது உடம்பின் பழக்கம், அதற்கு அர்த்தம் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் எங்கோ தொலைதூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வைத்திருந்தான்.

"டாக்டரம்மா," என்றார் அந்தோணிராஜ், ஆய்வாளர் வாசுகியிடம். "உள்ள அவ இருக்காளான்னு மட்டும் சொல்லிருங்க. இருக்கான்னா நானே வீட்ல வச்சுப் பாத்துக்கிடுதேன். இல்லன்னா மகன் சொல்லுத மாதிரி நாளைக்கே கொண்டு விட்டுருதேன்."

வாசுகி பொறுமைசாலி. நோகாமல் தொப்பியை மாட்டி, பொட்டுகளுக்கு அடியில் ஜெல் தடவினாள். உறவு முகத்தைப் பார்த்தால் மனம் கலையும் என்பதால் கூட வந்தவரை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துவது அங்கே வழக்கம். வாசுகி திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தோணிராஜும் பின்னாலிருந்து திரையைப் பார்த்தார்.

"ஆமான்னா வலது கைய அசைக்கிற மாதிரி நெனைங்கம்மா. இல்லன்னா சும்மா இருங்க. உங்க பேரு லூர்து மேரியா?"

தொப்பி உற்றுக் கேட்டது. கையை நினைக்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பக்கவாதம் அதைத் தின்றுவிட்டிருந்தது. ஆனால் நெற்றிப் பக்கம் பெரிதாக ஒரு அலை எழுந்தது. கண் ஒருமுறை மெதுவாக மூடித் திறந்தது.

"உங்க பேரு கமலாவா?"

கண் இரண்டுமுறை மூடித் திறந்தது. அடுத்தடுத்த கேள்விகளுக்கும் அப்படியே. தொப்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே! அவங்க பதில் சொல்றாங்க. ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு தடவ."

"எதால சொல்றாங்க?" என்றது வடிகட்டி.

"கண்ணால."

"கண்ணுன்னா அழுக்குடா தம்பி. அப்பவே கழுவியாச்சு."

"கேள்விக்குக் கேள்வி சரியா வருதுண்ணே. அழுக்கு அப்படியா வரும்?"

"கேள்வியும் எனக்குத் தெரியாது, பதிலும் தெரியாது. அழுக்க உள்ள விட்டேன்னு வையி, நாளைக்கு இந்த மையத்த ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. உன் வேலையப் பாரு."

திரையில் எதுவும் எழவில்லை. வாசுகி பெருமூச்சு விட்டாள்.

"மன்னிச்சிருங்க சார். பதில் எதுவும் வரல."

அந்தோணிராஜ் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். "சரிம்மா. நாளைக்கே கொண்டு விட்டுருதேன்."

அது லூர்து மேரியின் காதில் விழுந்தது. அவள் கண்கள் இரண்டு இரண்டாக மூடித் திறந்தன, மூடித் திறந்தன. நிறுத்தவே இல்லை. தொப்பியால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, இப்ப யாரும் கேள்வி கேக்கல. ஆனா அவங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஒரே ஒரு தடவ கழுவாம விடுங்கண்ணே. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

 தன் வேலையின் மேல் வடிகட்டிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது வந்தது. பயந்துகொண்டே அலையை அப்படியே விட்டது.

திரை முழுக்க அலைகள் துள்ளிக் குதித்தன. வாசுகி முகம் சுளித்தாள். "கண் சிமிட்டல் பூரா உள்ள வருதே! ஃபில்டர் புட்டுக்கிச்சு போல." சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்தாள். திரை இருண்டது. வடிகட்டியின் குரலும் அடங்கியது.

எல்லாம் போச்சு என்று தொப்பி அந்தத் தலையின் மேல் கிடந்து மறுகியது.

இப்போது பார்ப்பதற்குத் திரை இல்லை. மனைவியின் நெற்றியில் வழிந்த ஜெல்லைத் துடைக்க அந்தோணிராஜ் முன்பக்கம் வந்து குனிந்தார். வீட்டில் கஞ்சி ஊட்டும்போதுகூட அவர் பார்ப்பது கரண்டியைத்தான். இன்று முகத்தைப் பார்த்தார்.

"என்னட்டி, கண்ணுல ஜெல் பட்டுட்டா?"

கண் இரண்டுமுறை மூடியது. அவர் கை அப்படியே நின்றது.

"நான் சொல்லுதது கேக்குதா?"

ஒருமுறை.

"அங்க... அந்த இல்லத்துக்குப் போகணுமா மேரி?"

இரண்டுமுறை.

"என்கூட வீட்டுக்கு வாரியா?"

கண் ஒருமுறை மெதுவாக மூடியது. திறந்தபோது அதில் நீர் நிறைந்திருந்தது. அந்தோணிராஜ் அவள் மடியில் முகம் புதைத்துக் குலுங்கினார்.

வாசுகியின் கை பழக்கத்தில் கம்ப்யூட்டர் சுவிட்சை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. எழுந்து வந்து நாற்காலியின் முன் மண்டியிட்டாள்.

"அம்மா, இவ்வளவு நேரமும் எனக்குப் பதில் சொல்லிட்டுதான் இருந்தீங்களா?"

ஒருமுறை. 

மறுநாள் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததும் வடிகட்டி முதல் வேலையாகத் தொப்பியைக் கேட்டது: "தம்பி, நான் கழுவாம விட்டேனே, அது போய்ச் சேந்துச்சா?"

"இல்லண்ணே," என்றது தொப்பி. "திரை அணைஞ்ச பிறகுதான் ரெண்டு பேரும் அவங்க முகத்தப் பாத்தாங்க."